அப்பாவின் துப்பாக்கி, மகனின் தோள்: வேட்டைத் துப்பாக்கிக்குப் புதுக்கட்டை தேர்ந்தெடுப்பது எப்படி?

செம்பனை மறுநடவு செய்த நிலத்தில் காட்டுப் பன்றிக் கூட்டம் இறங்கினால் என்ன ஆகும் என்று தோட்டப்புற மக்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இளங்கன்றின் குருத்தைத் தின்றுவிட்டுப் போய்விடும். வீட்டுக் கொல்லையில் மரவள்ளி போட்டிருந்தால் காலையில் வெறும் குழிதான் மிஞ்சும். இதனால்தான் சிறுதோட்டக்காரர்கள் சிலர் உரிமம் பெற்று வேட்டைத் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் அது 12 போர் துப்பாக்கி. நடுவில் மடித்துத் தோட்டா போடும் "செனாப்பாங் பாத்தா" அதில் பலருக்கும் பழகிய வகை.

இத்தகைய துப்பாக்கிகளில் பல, ஒரு தலைமுறையைத் தாண்டி வந்தவை. எண்ணெய் போட்டுத் துடைத்து வந்தால் இரும்பு நீண்ட காலம் உழைக்கும். ஆனால், தோளில் ஊன்றும் மரக்கட்டை அப்படியில்லை. நம் நாட்டு மழை, வெயில், வியர்வை, கரையான் எல்லாவற்றையும் தாங்குவது அந்தக் கட்டைதான். ஒரு நாள் அதன் கழுத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு தெரியும். "கறுப்பு டேப் சுத்திக்கலாம், இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்று பக்கத்தில் ஒருவர் சொல்வார்.

ஓடாது. அந்தக் கோடு எதனால் வருகிறது, கட்டையை எப்போது மாற்ற வேண்டும், மாற்றும்போது எதைப் பார்த்து வாங்க வேண்டும், சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது துப்பாக்கி வைத்திருப்பவருக்கு மட்டுமன்றி, அதே நிலத்தில் மறுநாள் காலை பழக்குலை வெட்டப் போகிறவருக்கும் நல்லது.

விரிசல் எங்கே தொடங்குகிறது?

துப்பாக்கிக் கட்டையில் மிக மெலிந்த இடம், கை பிடிக்கும் கழுத்துப் பகுதி. அதற்கு முன்னால், இரும்புப் பகுதி கட்டையோடு சேரும் இடத்தைத் தலை எனலாம். வெடிக்கும்போது குழலும் இரும்புப் பெட்டியும் பின்னோக்கி வந்து இந்தத் தலையில்தான் மோதுகின்றன. அந்த உதைப்பு முழுவதும் கழுத்து வழியாகத் தோளுக்குப் போகிறது.

இரும்பும் மரமும் எல்லா இடத்திலும் சமமாகத் தொட்டுக்கொண்டிருந்தால் பாரம் பரவிவிடும். கட்டையைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்துவிட்டால் இரண்டுக்கும் இடையே நூலளவு இடைவெளி வரும். அதன் பிறகு ஒவ்வொரு வெடியும் சுத்தியால் அடிப்பது போலத்தான். விரிசல் அங்கிருந்து தொடங்கிக் கழுத்துக்கு ஓடுகிறது.

இன்னொரு காரணம் பலருக்கும் தெரிவதில்லை. அது எண்ணெய். துருப்பிடிக்கக் கூடாது என்று எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, துப்பாக்கியைக் குழல் மேலே இருக்கும்படி சுவரில் சாய்த்து வைத்தால், எண்ணெய் மெல்ல மெல்ல இறங்கிக் கட்டையின் தலையில் ஊறும். பல ஆண்டுகள் ஊறிய மரம் கறுத்து, மென்மையாகி, வலுவிழந்துவிடும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும் அளவுக்குப் போயிருந்தால் அந்தக் கட்டைக்கு இனி வைத்தியம் இல்லை.

ஒட்டுவதா, மாற்றுவதா?

எல்லா விரிசலுக்கும் கட்டையை மாற்ற வேண்டும் என்பதில்லை. தலைப்பகுதியில் ஓரிரு சென்டிமீட்டர் நீளமுள்ள விரிசல், மரம் எண்ணெய் ஊறாமல் உலர்ந்திருந்தால், எபோக்சி பசை செலுத்தி, உள்ளே மெல்லிய பித்தளைக் கம்பி ஆணி வைத்து இறுக்கினால் நன்றாகவே நிற்கும். பொருள் தெரிந்த பழுதுபார்ப்பவர், விரிசல் முடியும் இடத்தில் சிறு துளை போட்டு அது மேலும் ஓடாமல் தடுப்பார்.

ஆனால் கீழ்க்காணும் நான்கு நிலைகளில் மாற்றுவதே சரி.

1. விரிசல் கழுத்தைச் சுற்றி வந்திருந்தால், அல்லது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கடந்திருந்தால்.

2. தலைப்பகுதி எண்ணெய் ஊறிக் கறுத்துப்போயிருந்தால். எண்ணெய் ஊறிய மரத்தில் எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது.

3. கரையானோ வண்டோ உள்ளே துளைத்திருந்தால். வெளியே தெரிவது இரண்டு துளை என்றாலும் உள்ளே எத்தனை என்று சொல்ல முடியாது.

4. கட்டை சுடுபவரின் உடலுக்குப் பொருந்தாமல் இருந்தால். விரிசலே இல்லாவிட்டாலும் இது ஒரு காரணம்தான்.

டேப் சுற்றுவதிலும் கம்பி கட்டுவதிலும் உள்ள ஆபத்து, அவை விரிசலை மறைத்துவிடுகின்றன என்பதே. வெடிக்கும் நேரத்தில் கழுத்து முறிந்தால் கூரிய மரச்சிம்பு உள்ளங்கையில் ஏறும். துப்பாக்கி கட்டுப்பாடு இழந்து எங்கே திரும்பும் என்பதும் தெரியாது.

முதல் வேலை: காவல் நிலையம்

கட்டை வெறும் மரம்தானே, பக்கத்துத் தச்சரிடம் கொடுத்தால் செய்து தருவார் என்று நினைப்பவர்கள் உண்டு. இங்கேதான் நல்ல மனிதர்கள் சிக்கலில் மாட்டிக்கொள்கிறார்கள்.

1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கி உரிமம் ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு, ஒரு குறிப்பிட்ட துப்பாக்கிக்கு வழங்கப்படுகிறது. அந்தத் துப்பாக்கியை உரிமம் இல்லாத ஒருவர் கையில் கொடுத்துவிட்டு வருவது, அது தச்சுப் பட்டறையே ஆனாலும், கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் குற்றமாகிவிடும். 1971ஆம் ஆண்டின் சுடும் ஆயுதங்கள் (தண்டனை அதிகரிப்பு) சட்டம் இன்னும் கடுமையானது. சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டுகள் வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படிகளும் விதிக்க அது இடம் தருகிறது.

மேலும், ஆயுதம் என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் பொருளில் துப்பாக்கியின் பாகங்களும் அடங்குகின்றன. ஆகவே கட்டையை மாற்ற நினைப்பவர், முதலில் உரிமம் வழங்கிய காவல் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, பிறகு உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடம் துப்பாக்கியைத் தாமே நேரில் எடுத்துச் சென்று வேலையை ஒப்படைப்பதே பாதுகாப்பான வழி. உரிமப் புத்தகமும் அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும். துப்பாக்கியை விட்டுவிட்டு வரும்போது அதன் எண்ணோடு ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று வெளிநாட்டிலிருந்து கட்டையை அஞ்சலில் வரவழைப்பதும் வம்பை விலைக்கு வாங்குவது போலத்தான். வணிகர் வழியாக வரவழைத்தால் சுங்கத்துறையில் அவரே பதில் சொல்வார்.

தந்தை வைத்திருந்த துப்பாக்கி என்றால் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். உரிமம் சொத்து போல மகனுக்குத் தானாக இறங்காது. தந்தை காலமானதும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, மகன் தம் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். உரிமம் கைக்கு வந்த பிறகே கட்டையைப் பற்றிய பேச்சு. அதே போல, தீபகற்ப மலேசியாவில் காட்டுப் பன்றியைச் சுட 2010ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பெர்ஹிலித்தான் துறையின் வேட்டை உரிமமும் தேவை. துப்பாக்கி உரிமம் இருப்பதாலேயே வேட்டையாடும் உரிமை வந்துவிடாது.

சட்டையைப் போலத்தான் கட்டையும்

அப்பாவின் சட்டையைப் போட்டுப் பார்த்தால் தோள் இறங்கியோ கை குட்டையாகவோ இருக்கும். துப்பாக்கிக் கட்டையும் அப்படித்தான். ஒருவருக்குப் பொருந்துவது இன்னொருவருக்குப் பொருந்தாது.

பிரிட்டிஷ் இராணுவம் இதை நன்றாகவே புரிந்துவைத்திருந்தது. இரண்டு உலகப் போர்களிலும் பயன்பட்ட லீ-என்ஃபீல்டு துப்பாக்கிக்குப் பின்கட்டை ஒரே அளவில் வரவில்லை. நெட்டை, நடுத்தரம், குட்டை, மிகக் குட்டை என்று அளவு பிரித்துச் செய்து, ஆளின் உயரத்துக்கும் கை நீளத்துக்கும் ஏற்பக் கொடுத்தார்கள். ஓர் அளவுக்கும் அடுத்ததற்கும் இருந்த வேறுபாடு அரை அங்குலம்தான். அந்த அரை அங்குலத்துக்காக ஓர் இராணுவமே தனிக்கட்டை செய்தது என்றால் அதன் முக்கியத்துவம் விளங்கும்.

அதே இராணுவம் தவறும் செய்தது. காட்டுப் போருக்கென்று 1944இல் தயாரிக்கத் தொடங்கிய 5ஆம் எண் லீ-என்ஃபீல்டு துப்பாக்கி, மலாயாவில் அவசரகாலம் நடந்தபோது இங்கே பரவலாகப் பயன்பட்டது. குழலைக் குட்டையாக்கி, மரத்தைச் செதுக்கி எடையைக் குறைத்தார்கள். உதைப்பைத் தாங்கக் கட்டையின் முனையில் ரப்பர் மெத்தை வைத்தார்கள். ஆனால் அந்த மெத்தை அகலம் குறைந்தது. நாளாக ஆக ரப்பரும் இறுகிவிட்டது. எடை குறைந்ததால் கூடிய உதைப்பு, சிறிய இடத்தில் இறங்கித் தோளை வருத்தியது. உதைப்பைக் குறைக்க வைத்த மெத்தையே உதைப்பைக் கூட்டிக் காட்டியது. புதுக்கட்டை வாங்குபவருக்கு இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன: மெத்தை அகலமாக இருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் அமுங்க வேண்டும்.

பார்க்க வேண்டிய அளவுகள்

முதலாவது நீளம். விசையின் நடுவிலிருந்து கட்டையின் பின்முனை நடு வரை அளக்க வேண்டும். தொழிற்சாலையில் செய்யும் 12 போர் துப்பாக்கிகள் பெரும்பாலும் 14 அங்குலத்தை ஒட்டியே வருகின்றன. அதாவது ஏறக்குறைய 35.5 சென்டிமீட்டர். உயரம் குறைந்தவருக்கு இது நீளம். துப்பாக்கியைத் தூக்கும்போது அக்குளில் மாட்டும். அவசரத்தில் பன்றி ஓடிவிடும். மிகவும் குட்டையாக இருந்தால் உதைக்கும்போது கட்டைவிரல் மூக்கில் இடிக்கும்.

கட்டையை முழங்கையின் உள்மடிப்பில் வைத்து, ஆள்காட்டி விரல் விசையை எட்டுகிறதா என்று பார்ப்பது பழைய முறை. அது உத்தேசக் கணக்குத்தான். துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, கன்னத்தை வைத்துப் பார்ப்பதே சரியான சோதனை. அப்போது மூக்குக்கும் பிடித்திருக்கும் கையின் கட்டைவிரல் மூட்டுக்கும் இடையில் இரண்டு விரல் அளவு இடம் இருக்க வேண்டும். வேட்டைக்குப் போகும்போது அணியும் அதே சட்டையோடு அளக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. குளிர் நாடுகளில் கனத்த மேலங்கி போட்டு அளந்த கணக்கு நமக்கு ஒத்துவராது.

இரண்டாவது, கன்னம் வைக்கும் மேட்டின் உயரம். மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் குறியைத் தீர்மானிக்கிறது. இவ்வகைத் துப்பாக்கிகள் பலவற்றில் குழல் முனையில் ஒரு மணி மட்டும்தான் இருக்கும். பின்னால் குறிவெட்டு இருக்காது. அந்தப் பின்குறியின் வேலையைச் சுடுபவரின் கண் செய்கிறது. கன்னம் எங்கே அமர்கிறதோ அங்கேதான் கண் நிற்கும். மேடு உயர்ந்திருந்தால் குண்டு மேலே போகும். தாழ்ந்திருந்தால் கீழே போகும், அல்லது குழலின் பின்பகுதி கண்ணை மறைக்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கண்ணிலிருந்து குழல் முனைக்கு ஏறக்குறைய 90 சென்டிமீட்டர். மேட்டில் 5 மில்லிமீட்டர் பிசகினால், 30 மீட்டர் தூரத்தில் அது 16 சென்டிமீட்டருக்கும் மேல் விலகிவிடும். நெஞ்சில் பட வேண்டியது வயிற்றில் படும். குடலில் அடிபட்ட காட்டுப் பன்றி உடனே விழாது. புதருக்குள் போய் வலியோடு படுத்திருக்கும். காலையில் அந்தப் பக்கம் முதலில் போகிறவர் துப்பாக்கிக்காரராக இருக்க மாட்டார். அரிவாளோடு போகும் தொழிலாளியாக இருப்பார். ஒரு கட்டையின் 5 மில்லிமீட்டருக்கு இவ்வளவு பொறுப்பு இருக்கிறது.

மூன்றாவது, பக்கச் சாய்வு. வலக்கைக்காரருக்குச் செய்த கட்டை சற்றே வலப்பக்கம் விலகியிருக்கும். கண் நேராகக் குழலின் நடுக்கோட்டுக்கு வர இது உதவும். இடக்கைக்காரருக்கு அதே கட்டை கன்னத்தில் இடிக்கும். தந்தை இடக்கைக்காரர், மகன் வலக்கைக்காரர் என்றால் பழைய கட்டையை வைத்துக்கொண்டு குறி தவறுகிறது என்று புலம்பிப் பயனில்லை. எந்தக் கண் முதன்மைக் கண் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரு கண்களையும் திறந்தபடி கையை நீட்டி, கட்டைவிரலால் தூரத்து மரம் ஒன்றை மறைத்து, பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடினால் தெரிந்துவிடும். எந்தக் கண்ணுக்கு விரல் மரத்தின் மேலேயே நிற்கிறதோ, அதுவே முதன்மைக் கண்.

நான்காவது, பின்முனையின் இறக்கம். பழைய கட்டைகள் சில, பின்னோக்கிப் போகப் போக நன்றாகத் தாழ்ந்திருக்கும். அவை உதைக்கும்போது குழல் மேலே எகிறும். மேடு கன்னத்தில் அறையும். நேராக இருக்கும் கட்டை உதைப்பை நேராகத் தோளுக்கு அனுப்பும்.

மரமா, பிளாஸ்டிக்கா?

துப்பாக்கிக் கட்டைக்கு உலகம் முழுவதும் பெயர் பெற்ற மரம் வால்நட். அது இலேசு, உறுதி, அதிர்ச்சியைத் தாங்கும், உலர்ந்த பிறகு அதிகம் கோணாது. விலை குறைந்த துப்பாக்கிகளில் பீச், பிர்ச் மரங்களுக்குச் சாயம் ஏற்றிப் போடுவார்கள். பீச் உறுதியானதுதான், ஆனால் ஈரத்தை அதிகம் குடித்து வீங்கிச் சுருங்கும் இயல்புடையது. நம் ஊரில் அது ஒரு குறை.

எந்த மரமாக இருந்தாலும் கழுத்தில் இழை எப்படி ஓடுகிறது என்பதே முதல் கேள்வி. இழைக்கோடுகள் கழுத்து வழியாக நீளவாக்கில், முன்னிருந்து பின்னாக ஓட வேண்டும். குறுக்கே வெட்டிக்கொண்டு போனால், பின்புறம் எத்தனை அழகான வரிகள் இருந்தாலும் அந்தக் கட்டை கழுத்தில் முறியும். அழகு வரிகளுக்கு அதிக விலை கேட்பார்கள். கழுத்தில் நேர் இழை உள்ள எளிய கட்டையே வேலைக்கு ஆகும்.

பால்மரத்தில் கட்டை செய்யலாமா என்று தோட்டத்தில் கேட்பவர்கள் உண்டு. நாற்காலி, மேசைக்குப் பால்மரப் பலகை நன்றாகப் பயன்படுகிறது. ஆனால் மருந்து ஏற்றாத பால்மரத்தைப் பூஞ்சையும் வண்டும் விரைவில் பிடித்துக்கொள்ளும். உலரும்போது கோணுவதும் அதிகம். தேக்கு கோணாது, கரையானும் எளிதில் அண்டாது. ஆனால் அதன் இயல்பான எண்ணெய்ப் பசையால் ஒட்டுவதும் மெருகேற்றுவதும் சிரமம். செங்கால், மெர்பாவ் இரண்டும் வீட்டுத் தூணுக்கு ஏற்றவை. கட்டையாகச் செதுக்கினால் எடை பின்னால் குவிந்து துப்பாக்கியின் சமநிலை கெடும்.

மெல்லிய மரத்தகடுகளைப் பசையிட்டு அடுக்கி அழுத்திச் செய்யும் அடுக்குமரக் கட்டைகள் இப்போது கிடைக்கின்றன. மரத்தின் தோற்றமும் இருக்கும், கோணலும் குறைவு. எடைதான் சற்றுக் கூடுதல்.

பிளாஸ்டிக் கட்டைகளில் கண்ணாடி இழை கலந்த நைலான் போன்றவை உறுதியானவை. மழையில் வீங்காது, கரையான் தின்னாது, கீறல் விழுந்தாலும் கவலையில்லை. ஈரத்தில் அலையும் துப்பாக்கிக்கு இதுவே நடைமுறைக்கு ஏற்றது. ஆனால் இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, உள்ளே பொள்ளலாக இருப்பதால் தண்ணீர் தேங்கும், எறும்பு குடியேறும். இரும்போடு சேரும் இடத்தில் ஈரம் அடைபட்டுக் கண்ணுக்குத் தெரியாமல் துரு ஏறும். மழையில் நனைந்தால் பின்முனை மெத்தையைக் கழற்றி உலர்த்த வேண்டும்.

இரண்டாவது எடை. எல்லாப் பிளாஸ்டிக் கட்டையும் இலேசானதில்லை. ஆனால் இலேசானதைத் தேடி வாங்குபவர்கள் உதைப்பை மறந்துவிடுகிறார்கள். அதே தோட்டாவுக்கு, துப்பாக்கியின் எடை 3.4 கிலோவிலிருந்து 3 கிலோவாகக் குறைந்தால் உதைப்பின் ஆற்றல் ஏறக்குறைய 13 விழுக்காடு கூடும். உதைப்புக்குப் பயந்தவர் விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடிக்கொள்வார். குறி தவறும் காரணங்களில் இதுவும் ஒன்று.

இந்தத் துப்பாக்கிக்கு இந்தக் கட்டைதான்

"12 போர் கட்டை" என்று பொதுவாக ஒரு பொருள் கிடையாது. ஒவ்வொரு நிறுவனத்தின் ஒவ்வொரு மாதிரிக்கும் தலைப்பகுதியின் வெட்டு வேறு. ஒரே மாதிரியிலும் 12 போருக்கும் 20 போருக்கும் உடல் அளவு மாறலாம். ஆகவே நிறுவனப் பெயர், மாதிரி, போர் அளவு மூன்றையும் எழுதிக்கொண்டு போக வேண்டும். தானாகத் தோட்டா ஏறும் சில வகைகளில் திரும்பு சுருள்வில் கட்டைக்குள்ளேயே இருக்கிறது. அவற்றுக்கு அதற்கென்று துளைத்த கட்டை அல்லாமல் வேறெதுவும் பொருந்தாது.

பழைய துப்பாக்கிக்கு அச்சான கட்டை கிடைக்காவிட்டால், முக்கால்வாசி செதுக்கிய கட்டையை வாங்கி, கைவேலையால் பொருத்துவார்கள். இங்கே பழுதுபார்ப்பவரின் திறமை தெரியும். இரும்பின் மீது விளக்குக் கரியைப் பூசி மரத்தில் அழுத்தினால், தொடும் இடங்களில் கரி ஒட்டும். ஒட்டிய இடத்தை மட்டும் இழைத்து, மறுபடி அழுத்தி, கரி எல்லா இடத்திலும் சமமாகப் படியும் வரை செய்ய வேண்டும். இரும்பு வால்பகுதியின் பின்முனைக்கும் மரத்துக்கும் இடையே மட்டும் மெல்லிய அட்டை நுழையும் இடம் விட வேண்டும். அங்கே இடம் இல்லாவிட்டால் அந்த வால் ஆப்பு போல இறங்கி, புதுக்கட்டையையும் பிளந்துவிடும். வேலை முடிந்த துப்பாக்கியை வாங்கும்போது இதைப் பார்த்துக் கேட்பதில் தவறில்லை.

மெத்தைக்கு அடியில் இருக்கும் வெட்டுமுகம், தலைப்பகுதியின் உட்பக்கம் ஆகிய இரண்டு இடங்களிலும் மெருகு பூசியிருக்க வேண்டும். மரம் ஈரத்தைக் குடிப்பது பெரும்பாலும் இந்த வெட்டுமுகங்கள் வழியாகத்தான். வெளியே பளபளப்பாகப் பூசி, உள்ளே பச்சை மரமாக விட்டால் ஒரு மழைக்காலம் போதும்.

வீட்டுக்கு எடுத்து வரும் முன்

வணிகரின் கண்முன்னாலேயே, தோட்டா இல்லை என்று இருமுறை உறுதி செய்த பிறகு, சில சோதனைகளைச் செய்ய வேண்டும். பாதுகாப்புப் பொத்தான் இரு பக்கமும் தடையின்றி நகர்கிறதா? விசை இழுத்துவிட்டதும் தானாகத் திரும்புகிறதா? புதுக்கட்டையின் உட்பக்கம் இந்தப் பாகங்களில் உரசினால், பாதுகாப்புப் பொத்தான் போட்டது போலத் தெரிந்தும் போடாமல் இருக்கக்கூடும். இது உயிர் சம்பந்தப்பட்டது. போலித் தோட்டா வைத்துப் பார்ப்பது நல்லது. மடிக்கும் துப்பாக்கி என்றால் முழுமையாக மடிகிறதா, மூடியதும் ஆட்டம் இல்லாமல் பூட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சுழல்குழல் கொண்ட ரைஃபிள் வைத்திருக்கும் சிலருக்கு ஒரு கூடுதல் குறிப்பு. கட்டை மாறினால் குறியும் மாறும். குழலுக்கும் முன்கட்டைக்கும் இடையே ஒரு தாளை நுழைத்து இழுத்தால் அது தடையின்றி வர வேண்டும் என்பது பொதுவான முறை. எப்படியும், அனுமதிக்கப்பட்ட சுடுதளத்தில் குறியை மீண்டும் சரிசெய்யாமல் வேட்டைக்குப் போகக் கூடாது.

12 போர் வைத்திருப்பவரும் முதலில் சுடுதளத்தில் ஒரு பெரிய தாளில் சுட்டுப் பார்க்க வேண்டும். வேட்டைக்குப் பயன்படுத்தும் அதே வகைத் தோட்டாவால் நாலைந்து முறை சுட்டு, குண்டுக் கூட்டத்தின் நடு எங்கே விழுகிறது என்று பார்த்தால் மேடு உயர்வா தாழ்வா என்பது தாளிலேயே தெரியும். மேட்டைக் கொஞ்சம் இழைத்துக் குறைக்கலாம். தாழ்ந்திருந்தால் தோல் பட்டை கட்டி உயர்த்தலாம். முதல் 10, 20 வெடிகளுக்குப் பிறகு கட்டைத் திருகை ஒருமுறை இறுக்கிப் பார்க்கச் சொல்ல வேண்டும். புது மரம் அமுங்கி இடம் கொடுக்கும்; திருகு தளரும். பழைய கட்டையில் விரிசல் தொடங்கியதும் இப்படித்தான்.

கட்டை நீடிக்க

நனைந்த மரத்தை அடுப்பருகே, வெயிலில் வைத்து உலர்த்தக் கூடாது. நிழலில் காற்றாட விட வேண்டும். எண்ணெயைத் துணியில் தொட்டு இரும்பில் மட்டும் மெல்லியதாகப் பூசினால் போதும். பூட்டிய பெட்டியில் குழல் கீழ்நோக்கி இருக்கும்படி வைத்தால் மிஞ்சிய எண்ணெய் கட்டைக்குப் போகாது. உறையில் போட்டே மாதக்கணக்கில் வைத்தால் ஈரம் அடைபடும், கரையானுக்கும் வசதி. மாதம் ஒருமுறை வெளியே எடுத்து, கழுத்துப் பகுதியை விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

இனி, கழற்றிய பழைய கட்டை. தந்தையின் வியர்வை ஊறி, அவர் கன்னம் பட்டுப் பட்டு வழவழப்பான மரத்தை மாற்ற மனம் வராது என்று பலர் தயங்குவதுண்டு. அந்தத் தயக்கத்தில் விரிசல் விட்ட கட்டையோடே காட்டுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். கட்டையை மாற்றுவதால் துப்பாக்கி மாறிவிடாது. அதன் எண் இரும்பில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. பழைய கட்டையை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று காவல் துறையிடம் கேட்டு, அவர்கள் சொல்வது போலச் செய்தால் போதும்.

அந்தக் கட்டை தந்தையின் தோளுக்கு ஏற்றதாக ஒரு காலத்தில் இருந்தது. மகனின் தோளுக்கு ஏற்றதை மகன்தான் அளந்து வாங்க வேண்டும்.